போனைப் பிடுங்கலாமா என்று கேட்டீர்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள். மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை போன். கேட்டால் கோபம், பிடுங்கினால் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். ஒருமுறை அவன் அப்பா ஆத்திரத்தில் போனைத் தரையில் அடித்து உடைத்தும் ஆயிற்று. இரண்டே வாரத்தில் யாரோ ஒரு நண்பனின் பழைய போன் அவன் கைக்கு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தனி போன் கிடையாது, உங்கள் போன்தான். ப்ளஸ் ஒன் சேரும்போது மகனுக்குப் புது போன் என்று முன்பே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாமா, அல்லது போகட்டும் என்று விட்டுவிடுவதா?

பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால் இதே கேள்வியை நிறைய அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில்: பிடுங்காதீர்கள். ஆனால் ராத்திரி போன் அவன் படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசலாம், இது ஒன்றில் மட்டும் பேரம் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு பெரிதாக உதவாது. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கா, பிரிட்டனில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளின் விவரங்களை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் தெரியும் வித்தியாசத்தில் 0.4 சதவீதத்தைத்தான் இந்தச் சாதனங்களின் பயன்பாட்டோடு முடிச்சுப் போட முடிந்தது. சரி, அப்படியானால் கவலையே வேண்டாமா என்றால் அதுவும் இல்லை. 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் கழிக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் ஆபத்து இரு மடங்கு என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: சராசரியாக எடுத்தால் பாதிப்பு சின்னது, ஆனால் பிள்ளைகள் எல்லோரும் சராசரி இல்லை. ஒருவன் மூன்று மணி நேரம் போனில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறான். இன்னொருவன் அதே மூன்று மணி நேரம் வகுப்புத் தோழர்கள் தன்னை விட்டுவிட்டுப் போன பிறந்தநாள் பார்ட்டியின் ஸ்டோரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மணிக்கணக்கு ஒன்றுதான், நடப்பது ஒன்றில்லை.

அதனால் நான் பெற்றோரிடம் வேறு மாதிரி கேட்பேன். போன் வந்த பிறகு இவன் வாழ்க்கையிலிருந்து என்னென்ன வெளியே போய்விட்டது? தூக்கமா, விளையாட்டா, நேரில் பார்க்கும் நண்பர்களா, உங்களோடு பேசும் பேச்சா, படிப்பா? உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. முதலில் போனது தூக்கம்.

பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப் போகிறது. உடலுக்கு இருட்டிவிட்டது என்று சொல்லும் மெலடோனின், இந்த வயதில் சிறு பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னால் அது முழுப் பொய் இல்லை. ஆனால் தேவைப்படும் தூக்கம் குறைவதில்லை, 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஜூன் மாதம் ப்ளஸ் ஒன் தொடங்கினால் காலை ஏழரைக்கு பஸ் பிடிக்க வேண்டும், ஆறு மணிக்கு எழ வேண்டும். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், பத்து மணிக்குப் படுத்தால்தான் எட்டு மணி நேரம் தேறும். இயல்பாகவே பதினொன்று வரை தள்ளிப்போகும் தூக்கத்தை, கையில் இருக்கும் போன் ஒரு மணி, இரண்டு மணிக்கு இழுத்துப் போய்விடுகிறது. எரிச்சல், சொன்னால் கடிப்பது, காலையில் எழுப்ப முடியாதது, மதியம் சோர்வு என்று பெற்றோர் என்னிடம் சொல்லும் புகார்களில் பாதி, போனைப் பற்றியது போலத் தெரிந்தாலும் தூக்கக் குறைவைப் பற்றியவை. தூக்கத்தைச் சரி செய்தால் பையனோடு பேச முடிகிறது. பேச முடிந்தால்தான் மற்றதெல்லாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு, ரீசார்ஜ் பிளான். 2016-ல் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது, தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்ற பிளான்கள் வழக்கமாயின. அந்த டேட்டா நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதுப்பிக்கப்படும், மீந்தது போய்விடும். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், "டேட்டா வேஸ்டா போகுதே" என்று பதினொன்றரைக்கு உட்கார்ந்து தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு அடித்ததும் புது டேட்டா வந்துவிடும், பிறகு எதற்கு நிறுத்துவது? அடுத்த ரீசார்ஜில் தினசரி அளவு குறைந்த பிளானுக்கு மாறுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் இரவில் ரௌட்டரை அணைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும்தான் அணைக்கிறோம் என்பதால் யாருக்கும் தண்டனை போலத் தெரியாது.

சரி, ராத்திரி போனை எங்கே வைப்பது? ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லா போனும் அங்கே சார்ஜில். எல்லா போனும் என்றால் உங்களுடையதும், அவன் அப்பாவுடையதும். இதைச் சொன்னதும் அப்பாக்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு ஆபீஸ் போன் வரும்" என்பார்கள். வரட்டும், ஹாலில் மணி அடித்தால் எழுந்து போய் எடுக்கலாம். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிற வீட்டில் பையனுக்கு மட்டும் சட்டம் போட்டால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. "அலாரம் வேணும்" என்பது பையன் சொல்லும் அடுத்த காரணம். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கி வைத்துவிடுங்கள், அந்த வாதம் தீர்ந்தது. மூன்றாவது காரணம் உண்மையிலேயே பிரச்சினையானது: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர்கள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஹோம்வொர்க் போடுவது. இதற்குப் பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், எட்டு மணிக்குள் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் பத்து நாள் சண்டை வரும். எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அவன் சாப்பிடாமல் படுத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகவும் வேண்டாம், "பட்டினி கிட" என்று சொல்லவும் வேண்டாம். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன் கண்ணா, பசிச்சா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுங்கள். ஒருவேளைப் பட்டினிக்குப் போன் திரும்பக் கிடைக்கும் என்று அவன் ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்த முறை இரண்டு வேளை.

இந்த ஏற்பாட்டைச் சண்டை நடக்கும் ராத்திரியில் அறிவிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து எல்லோரும் கொஞ்சம் இளகியிருக்கும் நேரத்தில் பேசுங்கள். "இனிமேல் இப்படித்தான்" என்று தொடங்கினால் அவன் காது அடைத்துக்கொள்ளும். "ராத்திரி போன் ஹால்ல, அது நம்ம மூணு பேருக்கும். மத்ததெல்லாம் நீ சொல்லு, எப்படி வச்சுக்கலாம்?" என்று கேளுங்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு முடிவில் தன் பங்கு இருப்பது பெரிய விஷயம். அவனே சொன்ன நேரத்தை அவன் மீறினாலும், அது அப்பாவின் சட்டத்தை மீறியதாகாது, தன் சொல்லை மீறியதாகும். அதில் வெட்கம் உண்டு, வீம்பு குறைவு.

அடுத்து, அவன் எதைப் பார்க்கிறான் என்பது. அதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்வோம். 2020-ல் பள்ளிகள் மூடியபோது நான்காவதோ ஐந்தாவதோ படித்த பிள்ளைகளின் கையில் ஆன்லைன் கிளாஸுக்கு என்று போனைக் கொடுத்தது நாம்தான், நமக்கு அன்று வேறு வழியும் இருக்கவில்லை. அந்த வருடம் ஜூன் 29-ம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டது. அந்தக் காலியிடத்தைப் பிடிக்க ஜூலையில் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை இந்தியாவில்தான் முதலில் சோதித்தது. ஆக, நம் பிள்ளைகள் போனைத் தொட்ட அதே மாதங்களில்தான் பதினைந்து வினாடி வீடியோக்களும் அவர்கள் கைக்கு வந்தன. "எங்க காலத்துல நாங்க டிவி பார்க்கலையா" என்று ஒப்பிடுவது இதனால்தான் சரிப்படாது. டிவியில் நிகழ்ச்சி முடியும், விளம்பரம் வரும், கரண்ட் போகும். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் அமைப்பை 2006-ல் உருவாக்கிய ஏசா ரஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். பந்தியில் போதும் என்றால் இலையை மூடலாம். இங்கே மூடுவதற்கு இலையே வைக்கவில்லை. பத்து வீடியோவில் எட்டு சப்பையாக இருக்கும், ஒன்பதாவது சிரிக்க வைக்கும். எது நன்றாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாததுதான் விரலை நிறுத்த விடாதது. பெரியவர்களான நமக்கே முடிவதில்லை. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் மூளைப்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகும் என்னும்போது, பதினைந்து வயதில் அதை மனஉறுதிக் குறைவு என்று திட்டி என்ன பயன்?

இதை அவனுக்கே விளக்கிச் சொல்லுங்கள். "நீ சோம்பேறி" என்று சொன்னால் கோபம் வரும். "உன்னை நிறுத்த விடாம வச்சிருக்கறதுக்குன்னே சம்பளம் வாங்கிட்டு ஆளுங்க வேலை பார்க்கிறாங்க" என்று சொன்னால் பதினைந்து வயதுக்கு வேறு மாதிரி உறைக்கும். அந்த வயதில் யாராவது தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் சும்மா விட மாட்டார்கள்.

பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சில மாற்றங்கள் செய்யலாம். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, அதைப் பதிவு செய்வதையும் அணைத்துவிட்டால், முகப்புப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். சப்ஸ்கிரைப் செய்த சேனல்களைத் தேடிப் போய்ப் பார்க்கலாம், தானாக வந்து விழுவது குறையும். படிப்புக்காக யூடியூப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினருக்கான தனிக் கணக்கு முறை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், பின்தொடராத அந்நியர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ஒரு மணி நேரம் ஆனால் நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஓய்ந்துவிடும். 16 வயதுக்குக் கீழே இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எல்லாம் நல்லது, ஆனால் உங்கள் மகன் பன்னிரண்டு வயதில் கணக்குத் தொடங்கியபோது பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டிருந்தால் இது எதுவும் அவனுக்குப் பொருந்தாது, இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை அவன் வளர்ந்த ஆண்மகன். முதலில் அந்தப் பிறந்த தேதியைச் சேர்ந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற இடத்தில் ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வைக்கலாம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தோம் என்றும் காட்டும். அந்த எண்ணை உங்கள் போனில் முதலில் திறந்து அவனிடம் காட்டுங்கள். அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஃபேமிலி லிங்க் போன்ற கண்காணிப்பு ஆப்கள் உங்கள் மகளுக்கு, என்றாவது தனி போன் கொடுத்தால், சரி. மகனுக்கு அதை நம்பி இருக்காதீர்கள். சில போன்களில் இரண்டாவது ஸ்பேஸ் என்று தனியாக ஒரு உலகமே திறக்கலாம், நண்பனின் பழைய போன் எப்படிக் கிடைக்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அவனுக்குத் தெரியாமல் உளவு ஆப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. தெரிந்துபோகும் நாளில் மிச்சம் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

கேம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஆண் பிள்ளைகள் வீட்டில் சண்டை பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கிறது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ மாதிரி விளையாட்டுகளை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. குழுவாக ஆடுவது, ஒருவன் பாதியில் போனால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள், அடுத்த நாள் வகுப்பில் திட்டு வாங்குவான். "இந்த மேட்ச் முடிச்சிட்டு வரேன்மா" என்பது சாக்காக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அதனால் "அரை மணி நேரம்" என்று நிமிடத்தில் பேசாமல் மேட்ச் கணக்கில் பேசுங்கள். சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன் "இதோட எத்தனாவது மேட்ச்?" என்று கேட்டு, அது முடிந்ததும் வரச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் சாயங்காலச் சண்டை பாதி குறைந்த வீடுகள் எனக்குத் தெரியும். கூடவே, கேமில் அவன் கூட ஆடுகிறவர்கள் யார் என்று சாதாரணமாக விசாரியுங்கள், பள்ளி நண்பர்களா, முன்பின் தெரியாதவர்களா என்று. உங்கள் யுபிஐ பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கேமுக்குள் வாங்கும் டைமண்ட், ஸ்கின் என்று போகும் சில்லறைப் பணம், வங்கிக் கணக்கில் நாலைந்து மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறாவை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் டெலிகிராம் குழு வழியாக லிங்க் வருகிறது என்றால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "அவளால் பிரச்சினை இல்லை, என் போன்தான்." பல வீடுகளில் இப்படித்தான். பையனுக்குப் போன் உண்டு, திட்டும் உண்டு. பெண்ணுக்குப் போன் கிடையாது, ஆனால் சந்தேகம் உண்டு. அம்மாவின் போனை வாங்கினால் யாரோடு பேசினாய் என்று கேள்வி, பாத்ரூமுக்கு எடுத்துப் போனால் விசாரணை. அவள் கற்றுக்கொள்வது, மெசேஜை அழிக்கத்தான். தோழியின் போனில் ஒரு இன்ஸ்டா கணக்கு இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு மகனின் ராத்திரி ரீல்ஸைவிடக் கவலை தருவது இதுதான். என்ன காரணம் என்றால், ஏதாவது தவறாக நடக்கும் நாளில் அந்தக் கணக்கைப் பற்றியே சொல்ல முடியாதவளாக அவள் இருப்பாள்.

தவறாக நடப்பது என்றால் என்ன என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். யாரோ ஒருவன், அல்லது பெண் பெயரில் ஒரு கணக்கு, ரிக்வெஸ்ட் அனுப்பும். சில நாள் இனிமையாகப் பேச்சு. பிறகு ஒரு படம் கேட்பார்கள், அல்லது வீடியோ கால் வந்து அது பதிவாகும், அல்லது டிபியில் இருக்கும் சாதாரணப் படத்தையே எடுத்து வேறு உடம்போடு ஒட்டுவார்கள், இப்போது ஏஐ வந்தபின் அதற்குத் திறமையே தேவையில்லை. பிறகு மிரட்டல்: பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் கான்டாக்ட்ஸ் எல்லோருக்கும் போகும். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை, பையன்களும் மாட்டுகிறார்கள், அவர்கள் இன்னும் மௌனமாக இருப்பார்கள். மிரட்டுகிறவனின் மூலதனமே "வீட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்" என்ற பிள்ளையின் பயம். போனை உடைத்த அப்பா உள்ள வீட்டில் அந்தப் பயம் எத்தனை மடங்காக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிடுங்காதீர்கள் என்று நான் தொடக்கத்திலேயே சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். நீங்கள் போனைப் பறிப்பவராக மட்டும் இருந்தால், போனில் நடக்கும் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அதனால் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதை வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள்: "போன்ல என்ன ஆனாலும், நீங்களே தப்பு பண்ணியிருந்தாலும், முதல்ல எங்கிட்ட வந்து சொல்லுங்க. திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்னால் காப்பாற்ற வேண்டும், அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தாலும். அப்படி ஒன்று நடந்துவிட்டால் பணம் அனுப்பக் கூடாது, அனுப்பினால் இன்னும் கேட்பார்கள். அந்தச் சாட் உரையாடலை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், மற்றபடி தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம், குழந்தைகள் தொடர்பான புகாரில் பெயர் தராமலே பதியவும் வழி இருக்கிறது. 1098 குழந்தைகள் உதவி எண். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அந்தரங்கப் படம் பரவும் என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை, அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் போகும், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தடுக்கும். மகனிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: வகுப்புத் தோழியின் அப்படிப்பட்ட படம் குழுவில் வந்து அவன் அதை ஃபார்வர்ட் செய்தால்கூடச் சட்டப்படி குற்றம், "நான் எடுக்கல" என்பது எடுபடாது. ஆபாசத் தளங்கள் பற்றியும் அவன் அப்பாவோ, மாமாவோ ஒருமுறை பேசிவிடுவது நல்லது. அவன் பார்த்திருப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சியைக் காட்டாமல், அதில் காட்டுவது நடிப்பு, உண்மையான உறவு அப்படி இருக்காது என்று சொன்னால் போதும். நீண்ட சொற்பொழிவு வேண்டாம், இரண்டு பேருக்குமே சங்கடம்.

"படிக்கத்தான் போன்" என்ற பேச்சையும் கொஞ்சம் நிஜமாகப் பார்ப்போம். கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்படும் அசர் (ASER) என்ற கல்விக் கணக்கெடுப்பு 2024-ல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 82 சதவீதம். அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். படிப்பும் நடக்கிறது, மற்றதும் நடக்கிறது. உங்கள் மகனை மட்டும் தனியாகக் குற்றவாளியாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போனைக் குறைக்கச் சொல்கிற பெற்றோர், அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்வான் என்று யோசிப்பதில்லை. பத்தாவது முடித்த பையனுக்கு வெறுமையாக இரண்டு மாதம். வெளியே வெயில், மைதானம் பூட்டிக் கிடக்கிறது, தெருவில் விளையாடினால் அக்கம்பக்கத்தில் புகார், நண்பர்கள் எல்லோரும் போனில். அவன் வேறு எங்கே போவான்? நம் ஊர்களில் பத்தாவது லீவுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் என்று ஒரு பழக்கம் உண்டு, இன்றும் இன்ஸ்டிட்யூட்கள் நடக்கின்றன, அரசுத் தேர்வும் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது டைப்பிங் அல்ல, தினம் ஒரு மணி நேரம் வெளியே போய், பல வயது ஆட்களோடு உட்கார்ந்து, சத்தமாக ஒரு காரியம் செய்வது. நீச்சல், சைக்கிளில் சுற்றுவது, தாத்தா ஊரில் ஒரு மாதம், மாமா கடையில் சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்காருவது, எதுவாகவும் இருக்கலாம். காலியிடத்தை நிரப்ப நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் போன் தானாக நிரப்பும். அவன் நண்பர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நான்கு பேர் வந்து நான்கு போனோடு உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஒரே அறையில் இருந்து சத்தம் போடுவது, கதவை மூடிக்கொண்டு தனியாகப் பார்ப்பதைவிட எத்தனையோ மேல்.

"போனுக்கு அடிமை" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இருப்பது கேமிங் கோளாறு, அதற்கும் கடுமையான அளவுகோல் உண்டு: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக ஒரு வருட அளவுக்கு நீடிப்பது. ராத்திரி ரீல்ஸ் பார்க்கும் எல்லாப் பிள்ளையும் அதில் வராது. ஆனால் சில அறிகுறிகளை வீட்டிலேயே சமாளிக்க நினைக்கக் கூடாது: பள்ளிக்கே போக மறுப்பது, குளிக்காமல் அறையை விட்டு வராமல் இருப்பது, போனுக்காக ஆட்களை அடிப்பது, பணம் திருடுவது, முன்பு பிடித்த எதிலும் ஆர்வமில்லாமல் போவது. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், "மிரட்டுகிறான்" என்று ஒதுக்கவே கூடாது. பல சமயம் போன் நோயின் காரணமாக இருக்காது, மனச்சோர்வு வந்த பிள்ளை ஒளிந்துகொள்ளும் இடமாக இருக்கும். மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், இலவசம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்தப் பிரச்சினைக்கென்றே ஷட் கிளினிக் என்று 2014 முதல் ஒன்று நடக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம்.

கடைசியாக அந்தப் புது போன். வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், வாங்கிக் கொடுங்கள். மார்க் குறைந்தால் கிடையாது என்று இப்போது நிபந்தனை சேர்க்காதீர்கள். ஆனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஹால் சார்ஜிங், பத்து மணி, கணக்கில் சரியான பிறந்த தேதி ஆகியவற்றைப் பேசி முடித்துவிடுங்கள், கையில் கொடுத்தபின் பேசுவது பத்து மடங்கு கஷ்டம். இந்த வயதுக்கு விலை அதிகமான மாடல் தேவையில்லை, கேம் ஆடுவதற்கென்றே விற்கும் மாடல் நிச்சயமாக வேண்டாம். பழைய போன் நண்பனுடையது என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் இரண்டாவது போன் சுற்றிக்கொண்டிருந்தால் ஹாலில் ஒன்று தூங்கும், போர்வைக்குள் ஒன்று விழித்திருக்கும். 18 வயது ஆகாதவருக்கு சிம் தர மாட்டார்கள், ஆக அது உங்கள் பெயரிலோ அவன் அப்பா பெயரிலோதான் இருக்கும். அந்த எண்ணிலிருந்து என்ன போனாலும் முதலில் கேள்வி வருவது உங்களிடம்தான் என்பதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.